நகர மையத்துக்குக் குட்டிக் குழந்தையோடு: எங்கே இறக்கிவிடலாம், எங்கே கூடாது

என் மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது முதல் தடவையாக அவளை நகர மையத்துக்கு நடத்திக் கூட்டிப் போனேன். ரயில் நிலைய வாசலிலிருந்து நாங்கள் போகவேண்டிய இடம் 10 நிமிட நடை என்று வரைபடம் காட்டியது. எங்களுக்கு 50 நிமிடம் ஆனது. அதில் கால்மணி நேரம் ஒரு மழைநீர் வடிகால் பக்கத்திலேயே போனது. மூடியின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். இலை உள்ளே விழுந்ததும் "போச்சு" என்று கையை விரித்து என்னைப் பார்ப்பாள். அடுத்த இலை. மறுபடியும் "போச்சு". அந்த வடிகால் இருந்தது சாலையை ஒட்டி. பேருந்துகள் எங்களுக்கு ஒரு முழ தூரத்தில் போய்க்கொண்டிருந்தன.

அன்றைக்கு எனக்கு நேரம் போகிறதே என்ற பதற்றம் மட்டும்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவள் இலை போட்டதில் ஒரு தப்பும் இல்லை; அவளை அந்த இடத்தில் இறக்கிவிட்டதுதான் தப்பு. அதற்கப்புறம் கிளம்பும் முன்பே வழியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளப் பழகினேன்: இங்கே அவள் தன் காலில் நடப்பாள், இங்கே நடக்க மாட்டாள். நடக்கும் இடத்தில் அவள் வேகத்துக்கு நான் போவேன். நடக்காத இடத்தில் பெல்ட் போட்டு ஸ்ட்ரோலரில் (குழந்தைத் தள்ளுவண்டியில்), அல்லது என் உடம்போடு. நடுவில் பேரம் இல்லை. நகர மையத்துக்குப் புதிதாகக் குழந்தையோடு போகிறவர்கள் முதலில் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

இந்த வயதுக் குழந்தை எவ்வளவு நடக்கும், எவ்வளவு விழும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கேரன் அடால்ஃப் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தாராளமாக விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைத்தார்கள். 17 தடவை விழுந்தார்கள். ஆக, விழுவதைத் தடுக்கப் பார்ப்பது வீண். எங்கே விழுகிறது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

கிளம்பும் முன்

ஒரு பயணத்துக்கு ஒரு வேலை. வங்கி, துணிக்கடை, நண்பர் வீடு என்று மூன்றைக் கோர்க்காதீர்கள். மூன்றில் ஒன்று தள்ளிப்போனால் அடுத்த இரண்டும் குழந்தையின் தூக்கத்தில் போய் மோதும்.

நேரத்தைத் தூக்கத்தை வைத்துக் குறியுங்கள். 1 முதல் 2 வயது வரை குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒன்றரை வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பகல் தூக்கம் மதியத்துக்கு மேல் ஒரே தூக்கமாகச் சுருங்கிவிடும். அலுவலக நெரிசல் அடங்கும் நேரத்திலிருந்து மதியச் சாப்பாடு வரை இருக்கும் அந்த இடைவெளிதான் உங்களுக்கு நல்ல நேரம். ரயில்களில் இடம் இருக்கும், லிஃப்டில் வரிசை இருக்காது, குழந்தையும் தெளிவாக இருக்கும். திரும்பி வரும்போது வண்டியிலேயே தூங்கிப் போனால் அது உங்கள் அதிர்ஷ்டம். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அதே நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இன்னொன்றும் சொல்கிறது: சின்னக் குழந்தையை ஸ்ட்ரோலரிலோ முதுகிலோ ஒரே மூச்சில் 1 மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது. நடைமுறையில் நான் 40 நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம் வைக்கிறேன். ஒரு மணி நேரம் என்று வைத்தால் சிக்னலும் லிஃப்ட் வரிசையும் சேர்ந்து அதை ஒன்றேகால் ஆக்கிவிடும்.

பிறகு வரைபடத்தைத் திறந்து உட்காருங்கள். தேட வேண்டியவை: லிஃப்ட் இருக்கும் நிலைய வாசல், டயப்பர் மாற்ற இடமுள்ள கழிப்பறை, வாகனம் வராத திறந்தவெளி, மழையோ வெயிலோ வந்தால் ஒதுங்க ஒரு கூரை. நான்கையும் குறித்த பிறகு அவற்றைக் கோர்த்து வழி போடுங்கள். குறுக்குவழியைவிட இந்த வழி கொஞ்சம் சுற்றாக இருக்கும். பரவாயில்லை.

வழி தேடும்போது ஒரு சூத்திரம் உதவும். சக்கர நாற்காலி போகும் பாதை எதுவோ அதுதான் ஸ்ட்ரோலர் போகும் பாதை. ரயில், மெட்ரோ நிறுவனங்களின் தளங்களில் படியில்லாத பாதை என்று தனியாகக் குறித்திருப்பார்கள். சக்கர நாற்காலிப் படத்தைத் தேடினால் போதும். நடைபாதை முனையில் இன்று நாம் வண்டியை அலுங்காமல் இறக்கும் சரிவுகூட மாற்றுத்திறனாளிகள் கேட்டு வாங்கித் தந்ததுதான். அமெரிக்காவின் கலமசூ நகரத்தில் 1945-இல், போரில் காயம்பட்டுத் திரும்பிய ஜாக் ஃபிஷர் என்ற வழக்கறிஞர் முன்னின்று கேட்டதால் அப்படிச் சரிவுகள் அமைத்தார்கள். ஒவ்வொரு தடவை சரிவில் வண்டியை இறக்கும்போதும் எனக்கு அவர் நினைவு வரும். அதனால் லிஃப்ட் வாசலில் சக்கர நாற்காலியில் யாராவது காத்திருந்தால் முதலில் அவர்களை விடுங்கள். நமக்கு வண்டியை மடிக்கும் வழி இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

லிஃப்ட் பழுதாகிக் கிடக்கும் நாளும் வரும். நீங்கள் இறங்கும் நிலையத்துக்கு முந்தைய, அடுத்த நிலையங்களில் எதில் லிஃப்ட் இருக்கிறது என்பதையும் பார்த்து வையுங்கள்.

வண்டியா, கேரியரா, கையா

கையில் தூக்கிக்கொண்டே சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 1 வயதில் குழந்தை ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ இருக்கும். 2 வயதில் சுமார் 12. 3 வயதில் சுமார் 14. அந்த எடையோடு ஒரு கையில் பை, இன்னொரு கையில் பயணச்சீட்டு என்றால் கால்மணி நேரத்தில் தோள் இறங்கிவிடும். களைத்த கையிலிருந்துதான் குழந்தை நழுவி இறங்கி ஓடும்.

நகர மையத்துக்கு எடை குறைந்த, ஒரு கையால் மடிக்க வருகிற ஸ்ட்ரோலர்தான் சரி. பெரிய சக்கரமும் பஞ்சு மெத்தையும் உள்ள வண்டி பூங்காவுக்கு அருமையாக இருக்கும். பேருந்துப் படியில் அது சுமை. குடை மாதிரி மடியும் ஸ்ட்ரோலரை 1965-இல் வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன் என்ற ஓய்வு பெற்ற விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரங்கள் மடிந்து உள்ளே போகும் அமைப்பில் வேலை செய்தவர். மகள் பேரக்குழந்தையோடும் கனமான வண்டியோடும் பயணத்தில் திண்டாடுவதைப் பார்த்து, அலுமினியக் குழாய்களால் மடியும் வண்டியைச் செய்தார். பயணத்துக்கென்றே பிறந்த வண்டி அது.

வாங்கும்போது கடையிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். குழந்தையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வண்டியை மடியுங்கள், விரியுங்கள். வரவில்லையென்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். தோள், இடுப்பு, கால் நடு என்று ஐந்து முனையில் பூட்டும் பெல்ட் இருக்க வேண்டும். பிரேக்கைப் போட்டுவிட்டுத் தள்ளிப் பார்க்க வேண்டும்.

கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள். எல்லோரும் செய்வதுதான், அதனாலேயே சொல்கிறேன். குழந்தை உள்ளே இருக்கும்வரை வண்டி நிற்கும். பெல்ட்டைக் கழற்றித் தூக்கிய நொடியில் எடை பின்னால் சாய்ந்து வண்டி மல்லாந்துவிடும். குழந்தை எழ முயலும்போது அப்படி ஆனால் தலை தரையில் அடிக்கும். கனமானவை வண்டிக்கு அடியில் இருக்கும் கூடையில், மிச்சம் உங்கள் முதுகுப் பையில்.

படிகள் நிறைய உள்ள வழிக்கும் கூட்டம் நெருக்கும் நாளுக்கும் முதுகில் கட்டும் கேரியர் நல்லது. இரண்டு பெரியவர்கள் போனால் வண்டி ஒருவரிடம், கேரியர் ஒருவரிடம் என்று இரண்டையும் எடுத்துப் போகலாம். குழந்தைக்கு மாட்டும் கயிறு வைத்த பை பற்றிப் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று. நினைத்துவிட்டுப் போகட்டும். ஓடும் குணமுள்ள குழந்தைக்குக் கூட்டத்தில் அது நல்ல பாதுகாப்பு, அதன் கைகளும் சும்மா இருக்கும். ஆனால் சாலை கடக்க அதை நம்ப வேண்டாம். கயிறு இழுபடும் முன்பே குழந்தை சாலையில் இரண்டு எட்டு வைத்துவிடும்.

பையில் அதிகம் வேண்டாம். மணிக்கு ஒரு டயப்பர் என்ற கணக்கில் எடுத்து, மேலே ஒன்று. ஈரத் துடைப்பான், ஒரு மாற்றுத் துணி, உங்களுக்கும் ஒரு மேல்சட்டை, தண்ணீர், கையில் பிடித்துச் சாப்பிடக்கூடிய மிருதுவான தின்பண்டம், ஜிப் வைத்த இரண்டு காலிப் பைகள். முழுத் திராட்சை, கொட்டைகள், கடினமான மிட்டாய் எல்லாம் இந்த வயதில் தொண்டையில் அடைக்கும். அவை வேண்டாம். எந்தத் தின்பண்டத்தையும் ஓடும் வண்டியில் கொடுக்கவே கூடாது. ஓட்டத்திலும் சிரிப்பிலும் அடைத்துக்கொள்வதுதான் அதிகம். உட்கார வைத்துக் கொடுங்கள்.

சாலையில்

உங்கள் முட்டி உயரத்துக்குக் குனிந்து ஒருதடவை நகர மையத்தைப் பாருங்கள். வாகனங்களின் புகைக்குழாய், பெரியவர்கள் வீசி நடக்கும் பைகள், தொங்கவிட்ட கையில் புகையும் சிகரெட். எல்லாமே குழந்தையின் முகத்துக்கு நேரே. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, தள்ளுவண்டியில் போகும் குழந்தை உடன்வரும் பெரியவரைவிட 60 சதவீதம் வரை அதிகமான மாசை எதிர்கொள்ளக்கூடும் என்று சொன்னது. வாகனப் புகை வெளிவருவது தரையிலிருந்து 1 மீட்டருக்குள், குழந்தை மூச்சு விடுவதும் அதற்குள்தான். இதற்கு எளிய வழி, முக்கியச் சாலையை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளிப் போவது. சத்தமும் குறையும்.

நடைபாதையில் குழந்தை கட்டிடப் பக்கம், நீங்கள் சாலைப் பக்கம். ஒரு எச்சரிக்கை இருக்கிறது: கட்டிடப் பக்கத்திலிருந்தும் வாகனம் வரும். வாகன நிறுத்தத்திலிருந்து நடைபாதையைக் குறுக்கே வெட்டி வெளியே வரும் கார்களைச் சொல்கிறேன். ஓட்டுநரின் கண் சாலையில் வரும் வண்டிகள் மேல் இருக்கும். முன்பக்க மூடிக்குக் கீழே இருக்கும் தலை அவருக்குத் தெரியாது. அப்படி வாசல் வரும் இடமெல்லாம் சாலை கடப்பதுபோலவே நின்று, பார்த்து, கடந்து போங்கள். நடந்துகொண்டிருக்கும் குழந்தையை அங்கே தூக்கிவிடுங்கள்.

சாலை கடக்கும்போது குழந்தை நடக்க வேண்டாம். பல நாடுகளில் பெரியவர் வினாடிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் நடப்பார் என்ற கணக்கில்தான் பாதசாரி சிக்னலின் நேரத்தை வைக்கிறார்கள். 12 மீட்டர் சாலைக்கு அந்த வேகத்தில் 10 வினாடி. பாதி வேகத்தில் நடக்கும் குழந்தைக்கு 20. நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டால் கணக்கே இல்லை. வண்டியில் வைத்து அல்லது தூக்கிக் கடந்து, அக்கரையில் இறக்கிவிடுங்கள். வாகனம் வருவதைப் பார்த்து நிற்கக் கற்றுக் கொடுக்கலாமே என்பார்கள். பழக்குங்கள், நம்பாதீர்கள். 2011-இல் வந்த ஒரு இங்கிலாந்து ஆய்வின்படி, பள்ளிக்கூடம் போகும் வயதுக் குழந்தைகளுக்கே மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வாகனம் நெருங்குவதைச் சரியாகக் கணிக்க வருவதில்லை.

வண்டி தள்ளுபவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று: நம் கண் சாலையை எட்டிப் பார்க்கும் முன்பே வண்டியின் முன்சக்கரம் சாலையில் இறங்கிவிடும். நிறுத்தியிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து கடந்தால், நமக்கு முன்னால் குழந்தைதான் சாலையை எட்டிப் பார்க்கிறது. அப்படிக் கடக்கவே வேண்டாம். சிக்னலில் காத்திருக்கும்போது நடைபாதை விளிம்பிலிருந்து ஒரு வண்டி நீளம் பின்னால் நில்லுங்கள், பிரேக் போடுங்கள். பேருந்தும் லாரியும் முனையில் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டி வரும். சில சமயம் நடைபாதை முனையிலேயே ஏறிவிடும்.

கை பிடிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் மகளுக்கு 2 வயதாகச் சில வாரம் இருந்தபோது, கடக்கும் கோட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து எழுப்பினேன். சின்னதாக ஒரு சொடக்குச் சத்தம். அழுதாள், அப்புறம் அழுகை நின்றது. ஆனால் அந்தக் கையை அசைக்கவே இல்லை. வயிற்றோடு ஒட்டி, லேசாக மடித்து, தொங்கப் போட்டிருந்தாள். பொம்மையை நீட்டினால் மற்றக் கையால் வாங்கினாள். முழங்கை மூட்டு நழுவியிருந்தது. 1 முதல் 4 வயது வரை அடிக்கடி வருவதுதான் என்றார் மருத்துவர். அந்த வயதில் ஆரை எலும்பின் தலையைப் பிடித்திருக்கும் தசைநார் இன்னும் தளர்வாக இருக்குமாம். சில நொடியில் திருப்பிப் பொருத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் அதே கையை நீட்டி அவர் பேனாவைக் கேட்டாள். ஆகவே, கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், படியிலும் பள்ளத்திலும் ஒற்றைக் கையில் தொங்கவிடாதீர்கள். இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். குழந்தை ஒரு கையைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் நீங்களே திருகிப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

எஸ்கலேட்டர், லிஃப்ட், கதவு

ஸ்ட்ரோலரோடு எஸ்கலேட்டரில் ஏறாதீர்கள். நான்கு சக்கரமும் படியில் நிற்காது. மேலே போய்ச் சேரும்போது முன்சக்கரம் முனையில் இருக்கும் பல் வைத்த சீப்புத் தகட்டில் மாட்டினால் பின்னால் வருகிறவர்கள் உங்கள் மேல் குவிவார்கள். லிஃப்ட் இல்லையென்றால் குழந்தையை எடுத்து, வண்டியை மடித்து, படியில் ஏறுங்கள். உதவி கேளுங்கள். கேட்டால் யாராவது ஒருவர் நின்று கை கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

நடந்து எஸ்கலேட்டரில் வரும் குழந்தைக்குச் செருப்பைப் பாருங்கள். ரப்பர் மாதிரி மிருதுவான, க்ராக்ஸ் வகைச் செருப்புகள் பக்கச் சுவருக்கும் படிக்கும் இடையில் இழுபட்டுச் சிக்கும். 2008-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்தது. ஷூ நாடாவும் கட்டியிருக்க வேண்டும். நடுவில் நிற்க வையுங்கள், உட்கார விடாதீர்கள். இறங்கும் முனையில் தூக்கிவிடுவதே நல்லது. எஸ்கலேட்டரின் மேலும் கீழும் அவசரமாக நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருக்கும். ஏறும் முன் அது எங்கே என்று ஒருதடவை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

லிஃப்டில் பின்னோக்கி நுழைந்தால் வெளியே வரும்போது முன்னோக்கி வரலாம். கதவு திறந்து உள்ளே போகும் இடுக்கில் குழந்தையின் விரல் போகும். கதவிலிருந்து எட்ட நிறுத்துங்கள். சுழல் கதவு வேண்டாம், பக்கத்திலேயே சாதாரணக் கதவு இருக்கும்.

ரயில், பேருந்து, டாக்சி

நிலையத்துக்குள் நுழைந்ததும் "இங்கே நடக்கக் கூடாது" என்ற பகுதி தொடங்குகிறது. நடைமேடையில் வண்டியைத் தண்டவாளத்துக்கு இணையாக நிறுத்துங்கள். ஒருபோதும் தண்டவாளத்தைப் பார்த்து நிறுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு இருக்கலாம், நிற்காமல் போகும் ரயிலின் காற்றும் வண்டியைத் தள்ளும். பிரேக் போட்டாலும் கையை எடுக்காதீர்கள். மணிக்கட்டுக் கயிறு இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். பயணச்சீட்டு எடுக்கவும் போன் பார்க்கவும் சுவரை ஒட்டிய பக்கம் போங்கள்.

நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சின்ன முன்சக்கரம் இறங்கி மாட்டும். பெட்டியில் ஏறும்போது கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி உள்ளே வைத்து, பிறகு பின்சக்கரம். இறங்கும்போது நீங்கள் முதலில், பின்னோக்கி. இரண்டு பெரியவர்கள் போனால் குழந்தையோடு இருப்பவர் எப்போதும் முதலில் ஏற வேண்டாம், கடைசியில் இறங்க வேண்டாம். கதவு மூடிக்கொண்டால் அவரும் குழந்தையும் மட்டும் தனியாகப் போய்விடுவார்கள். கதவு மூடும் மணி அடித்துவிட்டால் அந்த ரயிலை விட்டுவிடுங்கள், அடுத்தது வரும்.

பேருந்தில் சக்கர நாற்காலிக்கான இடத்தில் வண்டியைப் பின்பக்கம் பார்த்தபடி, சாய்தட்டுக்கு ஒட்டி நிறுத்திப் பிரேக் போடலாம், அந்த இடம் காலியாக இருந்தால். பல பேருந்துகளில் மடித்துத்தான் ஏற வேண்டியிருக்கும். அப்போது உட்கார்ந்த பிறகுதான் ஓட்டுநர் எடுக்க வேண்டும் என்று சொல்லத் தயங்காதீர்கள். நின்றுகொண்டு குழந்தையை இடுப்பில் வைத்திருப்பதுதான் பேருந்தில் மிக மோசமான நிலை. ஒரு பிரேக்கில் இருவரும் விழுவீர்கள்.

டாக்சி வசதியாகத் தெரியும். ஆனால் இதில் நான் கண்டிப்பானவன். பல நாடுகளில் டாக்சிக்குக் கார் சீட் சட்டத்திலிருந்து விலக்கு இருக்கிறது. மோதலுக்கு அந்த விலக்கெல்லாம் தெரியாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், மடியில் இருக்கும் 12 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த சில நூறு கிலோ எடையைத் தாங்கும் வலு வேண்டும். யார் கையிலும் அது இல்லை. உங்களையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவது இன்னும் ஆபத்து, உங்கள் எடையே குழந்தையை நசுக்கும். கார் சீட்டோடு வரும் வண்டியை முன்கூட்டிச் சொல்லி வையுங்கள், அல்லது மடித்து எடுத்துப் போகும் இலகுவான சீட்டைக் கொண்டு போங்கள். சீட்டின் உயர, எடை வரம்பு தாண்டும்வரை குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காருவதே பாதுகாப்பு. இரண்டும் முடியாதென்றால் ரயிலோ பேருந்தோதான்.

இறக்கிவிடும் இடங்கள்

இவ்வளவு நேரம் கட்டிப் போட்ட குழந்தைக்கு இப்போது கணக்குத் தீர்க்க வேண்டும். வாகனம் நுழையாத தெருக்கள், நீரூற்று உள்ள சதுக்கம், பூங்கா, பொது நூலகத்தின் குழந்தைகள் பகுதி, அருங்காட்சியகத்தின் அகலமான கூடம். இந்த இடங்களில் அரைமணி நேரம் முழுதாகக் கொடுங்கள். நீங்கள் காட்ட நினைத்த கோபுரத்தைக் குழந்தை பார்க்காது. புறா, குழி மூடி, கைப்பிடிச் சுவரின் நிழல், வாளியோடு போகும் துப்புரவுப் பணியாளர், அதைத்தான் பார்க்கும். பார்க்கட்டும். உடன் குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள், போனை உள்ளே வைத்துவிட்டு. ஆழம் குறைந்த நீரூற்று என்றாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருங்கள். இந்த வயதுக் குழந்தை சத்தமே இல்லாமல் மூழ்கும்; சில விரற்கடைத் தண்ணீர் போதும்.

கழிப்பறைக்கு நூலகம், அருங்காட்சியகம், பெரிய பல்பொருள் அங்காடி, முக்கிய ரயில் நிலையம் ஆகியவை நம்பகமானவை. ஒன்றைக் கடக்கும்போது தேவை இருக்கிறதோ இல்லையோ பயன்படுத்திவிட்டுப் போங்கள்.

வெயில் நாளில் வண்டியை மேலே துணி போட்டு மூடாதீர்கள். நிழல் கிடைக்கிறது என்று தோன்றும். உள்ளே காற்று நின்று சூடு ஏறும், குழந்தையின் முகமும் நமக்குத் தெரியாது. தொப்பி, வண்டியின் சொந்தக் கூரை, தெருவின் நிழல் பக்கம், அடிக்கடி தண்ணீர் போதும்.

அழுகையும், காணாமல் போவதும்

நடுத்தெருவில் படுத்துப் புரண்டு அழுதால் அங்கேயே நின்று சமாதானம் பேச வேண்டாம். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பக்கவாட்டில் சுவர் ஓரம் போய், குனிந்து உட்காருங்கள். பெரும்பாலும் பசி, தூக்கம், சத்தம், ஈரம் இவற்றில் ஒன்று. என்ன என்று கண்டுபிடிக்கும் முன்பு பேச்சு வேண்டாம், அணைப்பு போதும். தொடர்ந்தால் அன்றைய வேலையை விட்டுவிட்டு வீடு திரும்புங்கள். நான் பலமுறை திரும்பியிருக்கிறேன், ஒரு வேலையும் கெட்டுப் போகவில்லை.

கிளம்பும்போது தினமும் குழந்தையை முழு உருவமாக ஒரு புகைப்படம் எடுங்கள். அன்றைய சட்டை, அன்றைய செருப்பு. பதற்றத்தில் என்ன நிறம் போட்டோம் என்பது நினைவுக்கு வராது. உங்கள் எண்ணைக் குழந்தையின் முன்கையில் அழியாத பேனாவால் எழுதுங்கள், அல்லது சட்டையின் உள்பக்கம் ஒட்டுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம்.

கண்ணில் மறைந்துவிட்டால் அமைதியாகத் தேடாதீர்கள். "இரண்டு வயசுப் பெண் குழந்தை, மஞ்சள் சட்டை, சிவப்பு ஷூ, யாராவது பார்த்தீர்களா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே தேடுங்கள். சுற்றி நிற்கும் அத்தனை பேரும் ஒரே நொடியில் தேட ஆரம்பிப்பார்கள். முதலில் ஆபத்தான பக்கம் ஓடுங்கள்: சாலை, தண்ணீர், தண்டவாளம், எஸ்கலேட்டர். கட்டிடத்துக்குள் என்றால் ஊழியரிடம் சொல்லி வாசலில் ஆள் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது பெரியவர் குழந்தை கடைசியாக நின்ற இடத்திலேயே இருக்கட்டும்.

வீடு திரும்பியதும்

கை கால் கழுவிவிட்டு, பையில் தீர்ந்ததை அன்றைக்கே நிரப்பி வையுங்கள். ஸ்ட்ரோலரின் முன்சக்கர அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கும். கத்தரித்து எடுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் இழுக்கும். அப்புறம் வரைபடத்தில் குறியுங்கள்: எந்த வாசல் லிஃப்ட் வேலை செய்தது, எந்தக் கழிப்பறையில் மேசை இருந்தது, எந்தத் தெரு அமைதியாக இருந்தது. நாலைந்து பயணத்தில் உங்கள் குழந்தைக்கென்றே ஒரு வரைபடம் சேர்ந்துவிடும். என்னுடையதில் ஒரு பூங்காவின் உள்ளே இருக்கும் வடிகால் மூடி ஒன்றும் குறித்து வைத்திருக்கிறேன். சாலையிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறது. சுற்றிலும் மரங்கள், இலைக்குக் குறைவே இல்லை.